தேவசகாயத்தின் வலது கை

மகனே,

உன் அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. கெட்டியான அட்டை, தங்க எழுத்து, ஓரத்தில் குத்துவிளக்கு. செமினியில் உன் இரண்டாவது முதியோர் பராமரிப்பு இல்லம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கப்படுகிறதாம். "முப்பத்திரண்டு ஆண்டு மருத்துவச் சேவையில் பழுத்த என் தந்தை ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பார்" என்று போட்டிருக்கிறாய். பழுத்தது உண்மைதான், இடுப்பில் பெல்ட் கட்டாமல் என்னால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. ஆனால் நான் வரப்போவதில்லை. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமும் இல்லை. இதன் பிரதி ஒன்று தேவசகாயத்தின் மகளுக்கும், இன்னொன்று நீ வேலையை விட்டு அனுப்பிய கலாவுக்கும் போகிறது. தமிழில் இத்தனை பக்கம் படிப்பது உனக்குச் சிரமம் என்று தெரியும். சிரமப்பட்டுப் படி.

முதலில் அந்த "மருத்துவச் சேவை"யைச் சரி செய்துவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு அட்டெண்டன். படுத்தவரைத் தூக்குவது, துடைப்பது, புரட்டிப் போடுவது, மலச்சட்டி எடுப்பது, செத்தவரைத் துணி சுற்றிக் கீழே தள்ளிக்கொண்டு போவது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் உன் அப்பா என்ன வேலை என்று கேட்டால் "ஹாஸ்பிட்டல் ஆபீஸ்ல" என்று சொல்லிவிட்டு வருவாய், அதுவும் எனக்குத் தெரியும். இப்போது அதே வேலை உனக்குத் தங்க எழுத்தில் போட்டுக்கொள்ள வசதியாகிவிட்டது.

போன மாதக் கடைசியில் மேருவில் இருக்கும் உன் முதல் இல்லத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கச் சொன்னாய். "சும்மா இருங்கப்பா, நாலு போட்டோ எடுக்கணும், ஃபேமிலி ஃபீலிங் வரணும்" என்றாய். வந்தேன். வாசலில் கைகழுவும் திரவம் மூன்று பாட்டில் வரிசையாக இருந்தது, பக்கத்தில் அதை எப்படித் தேய்ப்பது என்று படம் வேறு. உள்ளே பத்தொன்பது கட்டில். ஒரு கட்டிலருகிலும் ஒரு பாட்டில் இல்லை. கேட்டதற்கு, உள்ளே வைத்தால் வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள் என்று ஸ்டோரில் வைத்துப் பூட்டியிருப்பதாகச் சொன்னாய். உன் மேசைக்குப் பின்னால் நோய்த்தொற்றுத் தடுப்பு வகுப்புக்குப் போய் வந்த சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அந்த வகுப்பில் நீ பாடம் கேட்டாயா, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஹேண்ட்போன் நோண்டினாயா என்று எனக்குத் தெரியாது. உன் இல்லத்தைப் பார்த்தால் தெரிகிறது.

காலையில் உன் ஆட்கள் கையுறை மாட்டினால் மத்தியானம்தான் கழற்றுகிறார்கள். ஒருவருக்கு டயப்பர் மாற்றிய அதே கையுறையோடு அடுத்தவர் வாயைத் துடைக்கிறார்கள், கதவைத் திறக்கிறார்கள், குடிக்க மைலோ கலக்குகிறார்கள். தங்கள் கை அழுக்காகாமல் இருக்கத்தான் கையுறை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டிலில் கிடப்பவருக்கும் அதில் பங்கு உண்டு, ஒருவரைத் தொட்டு முடித்ததும் கழற்றி எறிந்து கையைக் கழுவிவிட்டு அடுத்தவரிடம் போகவேண்டும் என்று சொல்ல வேண்டியவன் நீ. ஒரு பெட்டிக் கையுறை மூன்று நாள் வரவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாய். பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த வாரம் முழுதும் ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவில் போய்க் கைகழுவி வந்தவள் கலா ஒருத்திதான். "அந்தப் பொண்ணு ஸ்லோ லா அப்பா" என்று நீ சொன்னதும் அவளைப் பற்றித்தான்.

நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. உனக்கு ஆறு வயதில் உடம்பெல்லாம் சொறி வந்தது ஞாபகம் இருக்கிறதா? விரலிடுக்கு, தொப்புள், அக்குள் எல்லாம் கீறிக் கீறி ரத்தம். கீழ்வீட்டுப் பூனையோடு விளையாடியதால் வந்தது என்று உன் அம்மா சொன்னாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள், கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். அந்தப் பூனைக்காகக் கீழ்வீட்டுப் பெண்ணோடு வாயாடி இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் போனோம். அது என்ன என்று எனக்கு முதல் நாளே தெரியும். என் வார்டில் ஏழு பேருக்கு இருந்த அதே சிரங்குதான். சீருடையைக் கூட மாற்றாமல் வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சியவன் நான்தான். ஆஸ்பத்திரி வியாதியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன் என்று சொன்னால் உன் அம்மா வீட்டார் வாய்க்கு வந்தபடி பேசுவார்களே என்று ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கடைசியில் மருந்து பாட்டிலின் பேரைக் கிழித்துவிட்டு "யாரோ கொடுத்தாங்க, பூசிப் பாரு" என்று கொடுத்தேன். மூன்று நாளில் சரியானது. அந்த ஒரு மாதம் நீ அழுத அழுகைக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. வியாதியை விட அதை மூடி வைப்பவன்தான் அதிகம் பரப்புகிறான் என்பதை அன்றே கற்றிருக்க வேண்டும். நான் கற்கவில்லை. நீயும் கற்கவில்லை என்று மேருவில் பார்த்தேன்.

நான் மேருவில் தங்கியிருந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இனிச் சொல்கிறேன். அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோவின் பிறந்தநாள். வசதியானவர்கள் முதியோர் இல்லத்தில் சாப்பாடு போட்டுப் பிறந்தநாள் கொண்டாடுவது இப்போது நம்மவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. சாப்பாடு போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாதாம். கிழவர்களுக்கு ஊட்டிவிட வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும். அதற்காகப் படுக்கையில் கிடப்பவர்களையெல்லாம் எழுப்பி, புது வேட்டி சுற்றி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கூடத்தில் வரிசையாக நிறுத்த உத்தரவு போட்டாய். வண்டிகள் வாசலில் வந்து நின்றபோது ஒரே ஒருவர்தான் பாக்கி, ஏழாம் கட்டில் தேவசகாயம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, ரயில்வேயிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. என்ன கேட்டாலும் "ஆமா" என்பார். வேறு சொல் வராது.

நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன், நீ வாங்கிக் கொடுத்த பட்டுச் சட்டையோடு. கலா அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, வழுக்காமலிருக்கக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். நீ உள்ளே வந்தாய்.

"எவ்ளோ நேரம் லா கலா? டத்தோ எறங்கிட்டாரு."

"ஒரு நிமிஷம் பாஸ். இடுப்பு பெல்ட்டு மாட்டிட்டு எழுப்பிடுறேன். பாஸ், அந்தக் கையில புடிக்காதீங்க, அது செத்த கை."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நீ அவரது இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினாய். இடது பக்கம் எழுந்தது. வலது பக்கம் எழவில்லை. அவர் கீழே சரியச் சரிய நீ அந்த வலது கையைப் பிடித்து இழுத்தாய். தோள்மூட்டு நழுவிய சத்தம் எனக்குக் கேட்டது. முப்பத்திரண்டு வருடம் வார்டில் இருந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவர் முகம் கோணிப்போய் "ஆமா, ஆமா, ஆமா" என்று கத்தினார்.

செயலிழந்த கையில் மூட்டைப் பிடித்து வைக்கத் தசை கிடையாது, அது சும்மா தொங்குகிறது. அதைப் பிடித்து மனிதனைத் தூக்கக்கூடாது என்பது முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம். மனிதர் என்ன, அரிசி மூட்டையா? சுமை ஏற்றுகிறவன் கூட மூட்டை கிழியுமே என்று பார்த்துத் தூக்குவான். நீ பார்த்ததெல்லாம் வாசலில் நிற்கிற வண்டியைத்தான்.

அதற்குப் பிறகு நீ செய்ததில்தான் உன் கெட்டிக்காரத்தனம் முழுதாகத் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் அவரைச் சூப்பர்வைசரின் காரில் ஏற்றிப் பின்சந்து வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் "வாங்க டத்தோ, வாங்க" என்று கும்பிடு போட்டாய். டத்தோவும் அவர் மனைவியும் ஒரே கரண்டியை வைத்துக்கொண்டு பதினெட்டு வாய்க்கும் கேக் ஊட்டினார்கள். எச்சில் கரண்டி ஒரு வாயிலிருந்து எடுத்து அடுத்த வாய்க்குப் போனது, நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். இரண்டு நாளில் ஆறு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தபோது "கேக் கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாய். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். உன்னைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்ல வேண்டும். அன்று அந்தக் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டு கேக் தின்றேன்.

மறுநாள் சம்பவப் புத்தகத்தில் நீ எழுதியதை நான் படித்தேன். "பணியாளர் கலா, உதவிக்கு ஆள் கேட்காமல் தனியாகத் தூக்கியதால் ஏற்பட்ட விபத்து." தேவசகாயத்தின் மகள் பதறிப்போய் வந்தாள். நீ அவளைக் கட்டிலருகே கூட்டிப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பித் தோளில் கட்டோடு கிடந்தவரிடம் குனிந்து, "அங்கிள், கலாதானே தூக்குனா?" என்று கேட்டாய். அவர் "ஆமா" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே தலையாட்டினாள். "என் மகன்தானே தூக்குனான்?" என்று நான் கேட்டிருந்தாலும் அவர் "ஆமா" என்றுதான் சொல்லியிருப்பார் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாய். வாயில்லாத மனிதனுக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல்லையும் பிடுங்கிப் பொய்ச் சாட்சிக்கு வைத்துக்கொண்டாய். நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

கலாவை அன்றே அனுப்பிவிட்டாய். அவள் மேருவில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டுக் கேரித் தீவில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கிள்ளானில் வேறு ஓர் இல்லத்தில் வேலை கேட்டிருக்கிறாள். அவர்கள் விசாரிக்க உனக்குப் போன் செய்தபோது "கவனம் பத்தாது, ஒரு பெரியவர கீழ போட்டுட்டா" என்று சொன்னாயாம். ஆள் தூக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கியவளை எந்த இல்லம் சேர்க்கும்? ஒன்பது வருடமாக அவள் கற்றுக்கொண்ட ஒரே தொழிலை ஒரு போன் பேச்சில் முடித்துவிட்டாய். உண்மை தெரிந்தவர்கள் நான்கு பேர். நீ சொல்லமாட்டாய், தேவசகாயத்தால் சொல்ல முடியாது, கலா சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். மிச்சம் நான். நான் ஒன்பது நாள் சும்மா இருந்தேன்.

ஏன் இருந்தேன் என்று சொல்கிறேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் அந்தப் பிடி என்னுடையது, என்னைப் பார்த்துத்தான் நீ கற்றாய். "அப்பாவுக்கு ஆள் தேவையில்ல, ஒண்டியா தூக்குவாரு" என்று நீ சின்ன வயதில் பெருமை பேசும்படி உன் மாமாக்களையெல்லாம் வீட்டில் அப்படித்தான் தூக்கிக் காட்டுவேன். வார்டிலும் அப்படித்தான். ஆளை நகர்த்தும் வழுக்குத் துணி வரட்டும் என்று தாதி மிஸி சொன்னாலும் நிற்கமாட்டேன். ஒரு நாள் ஒரு சீனக் கிழவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது என் கையிலிருந்து நழுவி விழுந்து அவர் இடுப்பெலும்பு முறிந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவன், என்னோடு அதே வார்டில் வேலை பார்த்த உன் மணியம் மாமா. அவன் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சிஸ்டர் உள்ளே வந்தார். "யார் தூக்கியது?" என்றார். நான் மணியத்தைப் பார்த்தேன், மணியம் என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று அவன் காத்திருந்தான். நான் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவனைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள், ஓய்வு பெறும்வரை அழுக்குத் துணி பிரித்தான். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் காப்பாரிலிருந்து முறுக்கு டப்பாவோடு வருவானே, ஒரு வருடமாவது என்னை ஒரு வார்த்தை கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவே இல்லை. இரண்டு வருடம் முன்பு அவன் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் நீயும் ஒருவன். நான் பின்னால் நடந்து வந்தேன். அவனிடம் சொல்ல வேண்டியதைக் கேட்க அப்போது அவன் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கேரித் தீவுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கலாவிடம் கொடுத்தேன். தூக்கியது என் மகன், தடுத்தது கலா, பார்த்தது நான், ஒன்பது நாள் மறைத்ததும் நான் என்று அதில் இருக்கிறது. அவள் இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

"சரி அங்கிள், எழுதிட்டீங்க. ஒன்பது நாள் கழிச்சாவது எழுதுனீங்க. ஆனா ஒன்னு கேக்கணும். தேவா அங்கிள இப்ப யாரு பெரட்டிப் படுக்க வைக்கிறா?"

"தெரியலியே மா."

"வலது பக்கம் தோள் கட்டு இருக்கு, அந்தப் பக்கம் படுக்க முடியாது. எடது பக்கமே போட்டு வச்சிருப்பாங்க. எடது இடுப்புல நான் வரும்போதே செவந்து இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், தலகாணி வச்சு மல்லாக்கயும் போடணும். நான் அங்க சொல்லிட்டுதான் வந்தேன். செய்றாங்களான்னு பாருங்க அங்கிள்."

வேலை போனவள், பேர் கெட்டவள், அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது இது. உனக்கு இந்தப் பதினொரு நாளில் ரிப்பன் என்ன நிறம் என்பது ஞாபகத்தில் இருந்திருக்கும். அங்கிருந்து நேராக, அவளைச் சேர்க்க மறுத்த கிள்ளான் இல்லத்துக்குப் போய் ஒரு தாள் கொடுத்தேன். நேற்றுக் காலை தேவசகாயத்தின் மகளிடம் ஒன்று கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "நீங்க கதவுகிட்டதானே நின்னீங்க, ஏன் தடுக்கல?" என்று கேட்டாள். அவள் அந்தத் தாளை எங்கே கொண்டு போகிறாள் என்று நான் கேட்கவில்லை. எங்கே கொண்டு போனாலும் சாட்சிக்கு வருவேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன்னை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. ஊரார் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் மேருவுக்கும் போனேன். நீ செமினியில் பந்தல் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். கையைக் கழுவி, கையுறை மாட்டி, தேவசகாயத்தின் வேட்டியை விலக்கிப் பார்த்தேன். இடது இடுப்பில் தோல் கிழிந்து சதை தெரிகிறது. இல்லத் தாதியை அழைத்துக் காட்டினேன், மகளுக்கும் போன் செய்தேன். டாக்டர் வந்து பார்த்துக் கட்டுப் போட்டார். திங்கட்கிழமை மகள் அவரைத் தன்னோடு கூட்டிப் போகிறாள். அதுவரை இரண்டு மணிக்கொரு முறை அவரைத் திருப்ப வேண்டும். உன் ஆட்களில் பாதிப் பேரை நீ திறப்பு விழாவுக்குக் கூட்டிப் போகிறாயாம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் மேருவில் ஏழாம் கட்டிலருகே இருப்பேன். தோள் நழுவியவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான் இருக்கிறேன்.

அப்பா